போக இருபத்தாறு, வர இருபத்தாறு

உயிலில் என் பெயர் இருந்தது.
முன்னாள் மருமகள் என்றெல்லாம் இல்லை,
வெறும் பெயர்.
வீடு பரணிதரனுக்கு.
மஞ்சக்குப்பத்து இரண்டு கடை அவன் தங்கைக்கு.
கார் எனக்கு.

ஐம்பத்தொன்றாம் வருஷத்து ஸ்டூடிபேக்கர்.
முகத்தின் நடுவே விமானத்துக்கு இருப்பதுபோல் ஒரு மூக்கு.
செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போச்சும்மா
என்றார் உசேன் ஷெரீப்.
சொல்லிவிட்டு, ஒரு சாவுக்குச் செய்வதுபோல்
ஸ்பானரைக் கொஞ்ச நேரம் கீழே வைத்தார்.

தானே புயல் ஷெட்டுக் கூரையைக் கொண்டுபோனதிலிருந்து
ராத்திரிக்கு ராத்திரி கடல் வந்து
இதன்மேல் உட்கார்ந்து போயிருக்கிறது.
கதவின் அடிவிளிம்பைத் தட்டினேன்.
அப்பளம்.
பின்சீட்டுப் பஞ்சில் எலிகள் மூன்று தலைமுறை எடுத்திருந்தன.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிறவள் நான்.
எஞ்சின் ஆயிலை வெள்ளைத் துணியில் ஒற்றி
ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தபோது
கை தானாகவே அந்தக் கோணத்துக்குப் போனது.
மோர் கலந்த மாதிரி இருந்தது.
தண்ணீர் இறங்கியிருக்கு, ஹெட் கேஸ்கெட் என்றேன்.
ஷெரீப் என்னை முதல்முறை நிமிர்ந்து பார்த்தார்.

எட்டு மாதச் சம்பளத்தில் பாதி.
தண்ணி பம்புக்குத் தண்டு
திருப்பாப்புலியூர் லேத்தில் கடைந்தது.
ஃப்யூவல் பம்புக்கு ரப்பர் வெட்டித் தந்தது
முதுநகர் துறைமுகத்துப் போட் மெக்கானிக்.
காசு வாங்கவில்லை, ஸ்டார்ட் ஆனால் ஒரு ரவுண்டு என்றான்.
ஆறு வோல்ட் பேட்டரி விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில்,
என் மடியில்.

புது எலக்ட்ரீஷியன் பையன் பழக்கதோஷத்தில்
நெகட்டிவை பாடிக்குக் கொடுக்க
மீட்டர் முள் எதிர்ப்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது.
இதற்குப் பாசிட்டிவ்தான் எர்த்.
மாமாவும் அப்படி.
கோபம் வந்தால்தான் சிரிப்பார்.

டேஷ்போர்டு பெட்டியில் நீல நோட்டு.
தேதி, லிட்டர், கிலோமீட்டர், விலை.
முப்பது வருஷமாக வேறொரு சொல் கிடையாது.
நான் பெட்டியோடு கிளம்பிய நாளைத் தேடினேன்.
பின்சீட்டில் பெட்டி, முன்சீட்டில் நான்,
வழியில் அவர் வாயே திறக்கவில்லை.
இருந்தது:

பண்ருட்டி. போக 26. வர 26.
திரும்பும்போது எஞ்சின் சூடு.

நோட்டை மூடிவிட்டு
கார்ப்பரேட்டரைக் கழற்றினேன்.
அன்றைக்குக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை.

ஆர்.டி.ஓ. ஆபீசில் வாரிசுகள் கையெழுத்து கேட்டார்கள்.
பரணிதரன் வந்தான், காது ஓரம் நரைத்திருந்தான்.
மூன்று இடத்தில் போட்டான்.
பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து
சட்டைப்பையில் குத்திக்கொண்டான். கேட்கவில்லை.
அது ஸ்டார்ட் ஆகுதா, என்றான்.
தள்ளினால் ஆகும், என்றேன்.

தள்ளினான்.
நல்ல சட்டையோடு, செருப்பு வழுக்க,
கல்யாண ஆல்பத்தில்கூட இல்லாத ஒரு முகத்தோடு
கண்ணாடியில் தெரிந்தான்.
செகண்டில் கிளட்சை விட்டேன்.
இருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது.
நிறுத்தினால் அணைந்துவிடும்.
அதனால் நிறுத்தவில்லை.
அதனால் மட்டும்தானா தெரியாது.
புகையில் நின்று அவன் கையை ஆட்டினானா
புகையை விலக்கினானா, அதுவும் தெரியாது.

கெடிலம் பாலத்து ஏற்றத்தில் டிராஃபிக் நின்றது.
பின்னால் நெய்வேலி பஸ், ஒரு முழம்கூட இடைவெளி இல்லை.
இந்த வண்டியில் ஒரு விஷயம் உண்டு:
ஏற்றத்தில் ஒருதரம் பிரேக்கை அழுத்தி
கிளட்சை மிதித்துக்கொண்டே இருந்தால்
பிரேக்கை விட்டாலும் பின்னால் உருளாது.
ஷெரீப் அதை மட்டும் தொடவில்லை,
அது அவர் வைத்தபடியே இருக்கட்டும் என்று.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.
வண்டி நின்றது.
பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.
கீழே ஆற்றில் ஆகாயத்தாமரை, கொஞ்சம் தண்ணீர்.
என் இடதுகால் நடுங்கியது, வண்டி நின்றது.

பெட்ரோல் வாசனை வருகிறது.
எங்கேயோ ஒழுகுகிறது.
நாளைக்குப் பார்க்க வேண்டும்.